திருச்சிக்கு ஒரே பஸ் போதும்: முதுகுப்பை ஜோடிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, கல்யாணமான கையோடு ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கொச்சித் துறைமுகத்தைப் படகிலும், மும்பையை மின்சார ரயிலிலும் சுற்றி முடித்துவிட்டீர்கள். அடுத்தது திருச்சி என்றதும் மாப்பிள்ளை, “கடல் இல்லாத ஊருல ரெண்டு நாள் என்ன பண்றது?” என்று கேட்டாராம். கடல் இல்லைதான். ஆனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் என்று ஒரு தீவே இருக்கிறது. இந்த ஊர்க்காரி என்ற உரிமையில் சொல்கிறேன், ரெண்டு நாள் பற்றாது என்று அவரே சொல்வார்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். திருச்சியில் பார்க்கும் இடங்களுக்குச் செலவு மிகக் குறைவு. அங்கும் இங்கும் அலைவதில்தான் காசு கரையும். நடை சாத்தின நேரத்தில் கோயில் வாசலில் நிற்பது, உச்சி வெயிலில் மலை ஏறப் போய்ப் பாதியில் இறங்குவது, மறுபடி ஆட்டோ பிடித்து வருவது, இதெல்லாம்தான் பட்ஜெட்டைத் தின்னும். எந்த இடத்துக்கு எந்த நேரம் என்று தெரிந்துவிட்டால் பர்ஸ் தானாகத் தப்பிக்கும். ஆகவே இந்த டிப்ஸ் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கே இறங்குவது?

ரயிலில் வந்தால் டிக்கெட் எடுக்கும்போதே ஸ்டேஷன் பெயரைக் கவனி. திருச்சியில் ஜங்ஷன், டவுன், கோட்டை என்று தனித்தனி ஸ்டேஷன்கள் உண்டு. ஸ்ரீரங்கத்துக்கும் தனி ஸ்டேஷன் இருக்கிறது. சென்னையிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம் வழியாக வரும் வண்டிகள் காவிரியைத் தாண்டுவதற்கு முன்பே ஸ்ரீரங்கத்தைத் தொடும். எல்லா வண்டியும் அங்கே நிற்காது. உங்கள் வண்டி நிற்கிறதா, நீங்கள் தங்கும் அறை எந்தப் பக்கம் என்று பார்த்து டிக்கெட் எடுத்தால், ஜங்ஷன் வரை போய்த் திரும்பி வரும் ஆட்டோ செலவு மிச்சம்.

பஸ்ஸில் வருகிறீர்கள் என்றால் பழைய நினைப்பில் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு என்று எண்ணிக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். 2025-இல் பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையம் திறந்த பிறகு வெளியூர் பஸ்கள் பலவும் அங்கேதான் வருகின்றன. அது மதுரை ரோட்டில் ஊருக்கு வெளியே இருக்கிறது. இறங்கியதும் சூழ்ந்துகொள்ளும் ஆட்டோக்காரர்களிடம் தலையாட்டாமல், டவுன் பஸ் நிற்கும் இடம் எது என்று கேட்டு அதில் ஏறுங்கள்.

எங்கே தங்குவது?

ஜங்ஷன் பக்கம் லாட்ஜ்கள் நிறைய. பின்னிரவில் வந்து இறங்குகிறவர்களுக்கும் விடியற்காலை வண்டி பிடிக்கிறவர்களுக்கும் அது வசதி. ஊரைச் சுற்றத்தான் வருகிறீர்கள் என்றால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கமோ ஸ்ரீரங்கத்திலோ தங்குங்கள். மலைக்கோட்டையும் கடைவீதியும் சத்திரத்திலிருந்து நடக்கும் தூரம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் பஞ்சக்கரை ரோட்டில் அறநிலையத்துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது. சாதாரண அறை முதல் பெரிய கூடம் வரை எல்லாம் உண்டு, வாடகையும் கட்டுப்படியாகும். சனி, ஞாயிறு என்றால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

லாட்ஜ் எடுக்கும்போது இந்த நாலையும் மறக்காதே:

- ரெண்டு பேருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். ஒருவருடையது போதும் என்று நினைத்து வந்து கவுண்டரில் விழிக்க வேண்டாம்.
- செக் அவுட் 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா என்று முதலிலேயே கேள். காலை ஆறு மணிக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு இதில் ஒரு நாள் வாடகையே வித்தியாசப்படும்.
- பணம் கட்டும் முன் அறையைப் பார். கட்டிலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே. கதவின் உள் தாழ்ப்பாள், குளியலறை ஜன்னல், குழாயில் தண்ணீர், வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், எல்லாம் பார்.
- கடைசி நாளில் அறையைக் காலி செய்துவிட்டு இரவு வண்டிதான் என்றால், பையை ஜங்ஷன் கிளோக் ரூமில் போடலாம். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். சின்னப் பூட்டு ரெண்டு வாங்கி ஜிப்பில் மாட்டிக்கொள். ரயில் டிக்கெட்டையும் கேட்பார்கள்.

சொந்தக்காரர் வீடு இருக்கிறதே, அங்கே தங்கினால் வாடகை மிச்சம்தானே என்று தோன்றும். மிச்சம்தான். ஆனால் வெறுங்கையோடு போக முடியாது. பழம், ஸ்வீட், குழந்தைக்கு ஏதாவது என்று அங்கே பாதி போய்விடும். ‘சாப்பிட்டுட்டுப் போகலாம்’ என்று உட்காரவைத்தால் ஒரு காலைப் பொழுதும் போய்விடும். அறையை வெளியே எடுத்துக்கொண்டு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் போய் வருவது எல்லோருக்கும் நல்லது.

ஒரே ரோடு, ஒரே பஸ்

ஊரை ஒரு கோடாக நினைத்துக்கொள். தெற்கே ஜங்ஷன், நடுவில் சத்திரமும் மலைக்கோட்டையும், அப்புறம் காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, திருவானைக்காவல், வடக்குக் கோடியில் ஸ்ரீரங்கம். எல்லாம் ஏழெட்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இந்தக் கோட்டில் ஓடுவதுதான் ஊர் அறிந்த ஒண்ணாம் நம்பர் பஸ். ஒன்றை விட்டால் அடுத்தது வந்துவிடும்.

உனக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் விடியல் பயணத்தில், அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மாப்பிள்ளைக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். ஆனால் திருச்சியில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் உனக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். ஏறும் முன் அரசு பஸ்ஸா என்று பார்த்துக்கொள். கூட்டத்தில் பையை முதுகிலிருந்து கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவருக்கும் இடிக்காது, ஜிப்பும் கண்முன்னால் இருக்கும்.

ஆட்டோ தேவைப்பட்டால் செல்போன் செயலியில் வாடகை எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். “எவ்வளவு கேக்குறீங்க?” என்று தொடங்கினால் பேரம் அவர் கைக்குப் போய்விடும்.

முதல் நாள் காலை: மலைக்கோட்டை

காலை ஆறரைக்குள் மலையடிவாரத்தில் இருங்கள். அடியில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். படிகள் நானூறுக்கு மேல். தாயுமானவர் சன்னதி வரை பெரும்பாலும் நிழலில், பாறையைக் குடைந்த வழியில் ஏறலாம். அதற்கு மேல்தான் திறந்த பாறை. செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் நான் ஏன் ஆறரை என்கிறேன் என்று புரியும்.

உச்சிக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் ஒன்று வழியில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில், லலிதாங்குர பல்லவேஸ்வரம். சடையில் கங்கையை ஏந்தி நிற்கும் சிவன் அங்கே ஒரு சுவர் முழுக்க நிற்கிறார். பல்லவச் சிற்பங்களில் தலைசிறந்தவற்றில் ஒன்று. கால் மணி நேரம் அங்கே நில்லுங்கள், மூச்சும் வாங்கிக்கொள்ளலாம்.

தாயுமானவர் கதையை மாப்பிள்ளைக்கு நீதான் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குத் துணையாக வரவேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். மகள் தவித்தபோது சிவனே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. சுகப்பிரசவம் ஆனவர்கள் இங்கே வாழைத்தார் கட்டுவது வழக்கம். அங்கே யாராவது பாட்டி உன்னைப் பார்த்து “எத்தனை மாசம்மா?” என்று கேட்டால் கோபப்படாதே, அவர்கள் வேண்டுதலுக்கு வந்திருப்பார்கள்.

உச்சியில் வடக்கு நோக்கி நின்றால் காவிரி, பாலம், திருவானைக்காவல் கோபுரங்கள், அதற்கப்பால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் என்று அடுத்து போகப்போகும் இடமெல்லாம் வரிசையாகத் தெரியும். ஊரை இங்கிருந்து தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். கூகுள் மேப் பார்க்கும் வேலை பாதி குறைந்துவிடும்.

பகல்: திருவானைக்காவல்

இறங்கி டிபன் முடித்ததும் பஸ் ஏறி, பதினொரு மணிக்குள் திருவானைக்காவல் போய்ச் சேருங்கள். பஞ்சபூதத் தலங்களில் இது நீருக்கு உரியது. ஜம்புகேஸ்வரரை ஒன்பது துளைகள் கொண்ட கல் ஜன்னல் வழியாகத்தான் தரிசிக்க வேண்டும். பதினொரு மணி என்று சொல்லக் காரணம் உச்சிக்கால பூஜை. தினமும் அந்த நேரத்தில் அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே மேளதாளத்தோடு வந்து சுவாமிக்குப் பூஜை செய்வார். பசுவுக்கும் பூஜை உண்டு. வேறெங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காதது, டிக்கெட்டும் கிடையாது. அம்பாள் இங்கே சிவனிடம் பாடம் கேட்ட மாணவி என்பதால் இந்தக் கோயிலில் திருக்கல்யாணம் நடப்பதில்லை. நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி. ராமன் 1888-இல் பிறந்ததும் இதே திருவானைக்காவலில்தான்.

பூஜை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை இந்த ஊரில் கோயில், மலை இரண்டையும் மறந்துவிடுங்கள். அறைக்குப் போய் ஒரு தூக்கம் போடுங்கள். தூக்கம் வராதென்றால் மலைக்கோட்டைக்கு அருகே ராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நாயக்கர் காலத்து தர்பார் மண்டபத்தைப் பார்ப்பதற்கே போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜங்ஷன் பக்கம் தங்கியிருந்தால் அங்கேயே ரயில் அருங்காட்சியகம் உண்டு. பழைய எஞ்சின், பழைய சிக்னல் கருவி என்று மாப்பிள்ளை நேரம் போவது தெரியாமல் நிற்பார்.

சாயங்காலம்: கடைவீதி

வெயில் தாழ்ந்ததும் தெப்பக்குளம், என்.எஸ்.பி. ரோடு, சின்னக்கடை வீதி, பெரிய கடை வீதி என்று நடையாகவே சுற்றுங்கள். பெரிய கடைகளில் ஒரு விலைதான். நடைபாதையில் பேரம் பேசலாம், ஆனால் வாங்கும் எண்ணமில்லாமல் பேசாதே. நினைவாக ஏதாவது வாங்க வேண்டுமென்றால் உறையூர்க் கைத்தறிப் பருத்திச் சேலை ஒன்று போதும். சோழர்களின் பழைய தலைநகரான உறையூரிலிருந்து மெல்லிய துணி போனதாக இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரேக்க வணிகக் குறிப்பேடான பெரிப்ளஸ் சொல்கிறது. கனமும் இல்லை, பையில் மடித்து வைத்தால் இடமும் அடைக்காது. பித்தளை விளக்கு அழகாகத்தான் இருக்கும், தோளில் சுமக்கப்போவது நீங்கள் என்பதை நினைத்துக்கொள். களைத்துப் போனால் மெயின்கார்டு கேட் பக்கம் மைக்கேல் ஐஸ்கிரீம் கடை. இங்கே படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த இடம், விலையும் கையைக் கடிக்காது.

சாப்பாட்டில் சிக்கனம்

- காலை டிபனுக்கு ஓட்டலிலேயே உட்காருங்கள். அறைக்கு வரவழைத்தால் பார்சல் காசு, டெலிவரி காசு இரண்டும் சேரும்.
- மதியம் ரெண்டு பேருக்கு ரெண்டு முழுச் சாப்பாடு வெயில் நாளில் இறங்காது. ஒரு பார்சல் சாப்பாடு வாங்கினால் பல கடைகளில் ரெண்டு பேருக்குச் சரியாக இருக்கும். தயிர் மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.
- கையில் காசு ரொம்பவே இறுக்கம் என்றால் அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நேரத்தோடு போக வேண்டும், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.
- ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. யாரும் உட்காரலாம், கூச்சம் வேண்டாம். முடிந்ததை உண்டியலில் போட்டுவிட்டு வாருங்கள்.
- ஒரே ஒரு வேளை மனசுக்குப் பிடித்ததைச் சாப்பிட ஒதுக்கி வையுங்கள். அது திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் நெய் தோசையாக இருக்கட்டும். 1943-லிருந்து நடக்கிற கடை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேடிப் போகாமல் காலையிலோ சாயங்காலமோ போங்கள்.
- ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டுவந்து, சாப்பிடும் இடத்தில் எல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். வெயில் நாளில் தண்ணீர் பாட்டில் வாங்கும் காசைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாடு வந்துவிடும்.

ரெண்டாம் நாள்: ஸ்ரீரங்கம்

இந்த நாளை முழுசாக ஸ்ரீரங்கத்துக்கே விடு. ஏழு பிராகாரம், 21 கோபுரம், 156 ஏக்கர். வெளிச் சுற்றுகளில் வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று ஊரே குடியிருக்கிறது. தெற்கு ராஜகோபுரம் 236 அடி. நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்றதை அகோபில மடம் ஜீயர் முன்னின்று 1987-இல் முடித்தார்.

தரிசனத்தை விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். நாள் கிழமை இல்லாத வாரநாளில் இலவச வரிசையே போதும், கட்டண வரிசைக்குப் போகும் முன் இலவச வரிசை எவ்வளவு நீளம் என்று ஒரு பார்வை பார். பிறகு அவசரமில்லாமல் சுற்றுங்கள். தாயார் சன்னதி, தன்வந்திரி, உடையவர் என்று ஒவ்வொன்றாக. துலுக்க நாச்சியாரைப் பார்க்காமல் வந்துவிடாதே. பெருமாள் மேல் காதல் கொண்ட டில்லி இளவரசி என்பது கதை. அவளுக்காக இங்கே ரொட்டி நைவேத்தியம் உண்டு. ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 953 தூண்தான் என்பார்கள். அதற்கு எதிரே சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகள் ஒவ்வொன்றும் ஒற்றைக்கல் தூணில் செதுக்கியவை. கோபுரங்களை ஒருசேரப் பார்க்க மாடிக்குச் சின்ன டிக்கெட் உண்டு, கேட்டு வாங்கி ஏறுங்கள். காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான் என்று நான் சொல்வேன்.

கைடு வேண்டுமென்றால் எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், எவ்வளவு என்று மூன்றையும் பேசிவிட்டு நடக்கத் தொடங்குங்கள். “பார்த்துக் குடுங்க” என்பவரிடம் தொகை பேசாமல் போகாதே.

உடுப்பு விஷயம்: அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை வேண்டாம். மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி, உனக்கு ஒரு துப்பட்டா பையில் இருந்தால் எந்தக் கோயில் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கேமரா, செல்போன் விதியை நுழையும் இடத்துப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாள் வந்து, கோயிலுக்குள் போவதில்லை என்று நீ நினைத்தால், அன்றைக்கு அருங்காட்சியகம், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, முக்கொம்பு என்று மாற்றிக்கொள். பயணம் கெட்டுப்போனதாக நினைத்து முகம் வாடாதே.

ஆறு எங்கே, எப்போது?

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், அதற்குப் பிறகுதான் இங்கே காவிரி நிறையும். கோடையில் வந்தால் மணல்தான். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குச் சாயங்காலம் போய் உட்காருங்கள். தண்ணீர் வரும் நாளில் கடைசிப் படியைத் தாண்டாதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே இழுப்பு இருக்கும். கொள்ளிடத்தில் குளிக்கவே வேண்டாம்.

அரை நாள் கூடுதலாகக் கிடைத்தால் முக்கொம்பு, கல்லணை இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. ரெண்டுக்கும் சத்திரத்திலிருந்து பஸ் உண்டு. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. 1836-38-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்க மதகுகள் வெள்ளத்தில் இடிந்து, பிறகு புதுக் கதவணை கட்டினார்கள். மரநிழல் வேண்டுமென்றால் முக்கொம்பு. கரிகாலன் பெயர் சொல்லும் அணையைப் பார்க்க வேண்டுமென்றால் கல்லணை. ஸ்ரீரங்கம் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, பஸ் குறைவு. போக வர சேர்த்து ஆட்டோ பேசிக்கொள்வது லாபம்.

எப்போது வரக்கூடாது?

வைகுண்ட ஏகாதசி, ஆடிப்பெருக்கு, தேர்த் திருவிழா நாட்களில் அறை கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் வாடகை வேறு கணக்கு. பரமபத வாசல்தான் ஆசை என்றால், ஏகாதசிக்குப் பிறகு வரும் இராப்பத்து நாட்களில் ஒரு வாரநாளாகப் பார்த்து வாருங்கள். வாசல் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டால் போதும். ஏப்ரல், மே வெயில் பழகாதவர்களுக்கு ஆகாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உத்தமம், மழை நாளுக்கு ஒரு குடை.

ரெண்டு பேருக்குள்

- தினச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனிப் பர்ஸில் போட்டு, ஒரு நாள் நீ வைத்துக்கொள், மறுநாள் அவர் வைத்துக்கொள்ளட்டும். அதிலிருந்துதான் டீ, பஸ், டிக்கெட் எல்லாம். மிஞ்சினால் மறுநாளுக்கு.
- யுபிஐ எல்லா இடத்திலும் செல்லும், பஸ்ஸிலும் செருப்பு வைக்கும் இடத்திலும் சில்லறைதான் மரியாதை. பத்து ரூபாய்த் தாளாக மாற்றி வைத்துக்கொள்.
- காலை இடம் உன் விருப்பம் என்றால் சாயங்கால இடம் அவர் விருப்பம். குறை சொல்லக் கூடாது.
- ஒருவர் செல்போனில் சார்ஜ் இறங்கும்போது இன்னொருவருடையதை அணைத்து வையுங்கள்.

ஊர் சுற்றும்போது சண்டை வந்தால் அதிர்ந்து போகாதே. இந்த ஊரில் பெருமாளுக்கே வருடம் தவறாமல் வருகிறது. பங்குனியில் அவர் உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கொடுத்துவிட்டுத் திரும்புவார். ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுவாள். பூவும் பழமும் பறக்கும். நம்மாழ்வார் வந்து சமாதானம் பேசிய பிறகுதான் கதவு திறக்கும், அப்புறம் பங்குனி உத்திரச் சேர்த்தி. உங்களுக்குச் சமாதானம் பேச ஆழ்வார் வரமாட்டார். ஆகவே பசியோடும் வெயிலோடும் எதையும் பேசி முடிக்காதீர்கள். ஒரு ஃபில்டர் காபி குடித்துவிட்டு மிச்சத்தைப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. கிளம்பும் நாளில் மணப்பாறை முறுக்கு வாங்க மறந்துவிடாதே. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முறுக்கு. உங்கள் ரயில் திண்டுக்கல் பக்கம் போகிறதென்றால் மணப்பாறை வழியாகத்தான் போகும், அங்கேயே கிடைக்கும். சென்னைப் பக்கம் என்றால் திருச்சியிலேயே வாங்கிவிடு. முறுக்கைப் பையின் மேல்பக்கம் வை, சேலையை அடியில் வை. மாற்றி வைத்தால் ஊர் போய்ச் சேரும்போது தூள்தான் மிஞ்சும்.